இன்ச் டேப்போடு லண்டனுக்கு

2019 நவம்பரில் ஒரு வாரம் லண்டனில் இருந்தேன். அரசு வழக்கறிஞராக, அரசுச் செலவில், ஓர் ஆளைத் திருப்பிக் கேட்கப் போன பயணம். அன்றன்று இரவு டைரியில் கிறுக்கி வைத்ததை இப்போது, ஓய்வு பெற்ற தெம்பில், நாளொன்றுக்கு ஒரு பகுதியாகப் போடுகிறேன். ஆளின் பெயர், சிறையின் பெயர், வங்கியின் பெயர் எதுவும் வராது. அடையாளம் காட்டிவிடக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். சட்டமும் ஊரும் இருந்தபடியே.

நவம்பர் 16, சனி

பெட்டி அடுக்கும்போது மனைவி கேட்டாள்: "ஏங்க, கோட்டுப் பையில இன்ச் டேப் எதுக்கு? லண்டன்ல போய் ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?"

பத்து நாளாக அது என் கறுப்புக் கோட்டிலேயே கிடந்திருக்கிறது. ஐந்து மீட்டர் டேப், மஞ்சள் நிறம், பாரிமுனையில் வாங்கியது. எடுத்து மேசையில் வைக்கலாம்தான். என்னவோ, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வழக்கு வங்கிக் கடன் மோசடி. முதல் எதிரி, எங்கள் பாஷையில் ஏ-1, குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே விமானம் ஏறிவிட்டார். அவரை ஒப்படைக்கும்படி பிரிட்டனைக் கேட்டிருக்கிறோம். பத்திரிகைகளில் இதை 'நாடு கடத்தல்' என்று போடுவார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். விசா முடிந்தவனை ஒரு நாடு தானாக வெளியே தள்ளினால் அது நாடு கடத்தல். இன்னொரு நாடு கேட்டு, நீதிமன்றம் விசாரித்து, 'சரி, கொண்டு போ' என்றால் அது ஒப்படைப்பு. முதலாவதை ஒரு அதிகாரியின் கையெழுத்தில் முடிக்கலாம். இரண்டாவதை முடிக்க எத்தனை வருடம் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தியாவும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டது 1992-ல். அமலுக்கு வந்தது 1993 நவம்பரில். அதாவது இந்த மாதத்தோடு 26 வருடம். இதுவரை அங்கிருந்து நமக்கு வந்து சேர்ந்தவர் ஒரே ஒருவர், 2016-ல். அவரும் எதிர்த்து வாதாடாமல், தானாகச் சம்மதித்து வந்தவர்.

அரசுச் செலவு என்றால் ஏர் இந்தியாதான். சென்னையிலிருந்து லண்டனுக்கு நேர் விமானம் இருந்தும் எங்களுக்குத் தில்லி வழிதான். கூட வருபவர் விசாரணை அதிகாரியான ஆய்வாளர், மதுரைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் கைப்பெட்டியில் பாதி கேஸ் கட்டு, பாதி ரவா உப்புமா மிக்ஸ்.

நவம்பர் 17, ஞாயிறு

விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெரியவர் நான் என்ன வேலை என்று தெரிந்துகொண்டதும் கேட்டார்: "இன்டர்போல்ல சொன்னா அவங்களே புடிச்சிட்டு வந்துட மாட்டாங்களா?"

என் மாமனாரிலிருந்து மாவட்ட நீதிபதி வரை எல்லோரும் கேட்கும் கேள்வி. இன்டர்போலிடம் விலங்கு கிடையாது, ஜீப் கிடையாது, லாக்கப் கிடையாது. பிரான்சில் லியோன் நகரத்தில் ஒரு தலைமையகம், நாடுகளுக்கிடையே தகவல் அனுப்ப ஒரு வலைப்பின்னல், அவ்வளவுதான். 'சிவப்பு அறிவிப்பு' என்றால் இந்த ஆளைத் தேடுகிறோம், கிடைத்தால் சொல்லுங்கள் என்று உறுப்பு நாடுகளுக்கெல்லாம் போகும் வேண்டுகோள். சில நாடுகளில் அதை வைத்தே கைது செய்வார்கள். பிரிட்டனில் அது மட்டும் போதாது. வழக்கமாக, முறையான வேண்டுகோள் போய், அங்குள்ள உள்துறை சான்று கொடுத்து, அங்குள்ள நீதிபதி வாரண்டு போட்டால்தான் கை வைக்க முடியும். பெரியவருக்குத் திருப்தியில்லை. "அப்புறம் எதுக்கு சார் இன்டர்போல்?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

பாடிங்டன் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் அறை. என் பயணப்படி எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் அறையும். பெட்டியைத் திறந்தால் கதவைத் திறக்க முடியாது. மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது.

கட்டிலில் படுத்துக்கொண்டு, பழக்க தோஷம், டேப்பை எடுத்து அளந்தேன். ஒன்பதடிக்கு எட்டடி. குளியலறை தனி.

நவம்பர் 18, திங்கள்

இங்கே இந்தியாவுக்காக வழக்கை நடத்துவது நான் இல்லை. பிரிட்டனின் அரசு வழக்கு நடத்தும் துறைதான் நம் சார்பில் ஆஜராகிறது. அவர்கள் ஒரு பாரிஸ்டரை அமர்த்துவார்கள். நான் அவருக்குத் தகவல் சொல்லும் ஆள்.

பாரிஸ்டரின் அறை டெம்பிள் பகுதியில். ஃப்ளீட் தெருவின் இரைச்சலிலிருந்து ஒரு வளைவுக்குள் நுழைந்ததும் சத்தமே இல்லை. இன்னும் காஸ் விளக்குகள் வைத்திருக்கிறார்கள். 1891-ல் காந்தி பாரிஸ்டர் ஆனது இங்கே, இன்னர் டெம்பிளில்தான். 1922-ல் அவர் பெயரை அடித்தார்கள், 1988-ல் திரும்பச் சேர்த்தார்கள். செத்து நாற்பது வருடம் கழித்து! வக்கீல் சங்கங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

பாரிஸ்டர் என் மகள் வயதுப் பெண். முதல் நிமிடமே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முப்பத்து மூன்று வருட சர்வீஸில் என்னை 'சார்' இல்லாமல் கூப்பிட்டவர்கள் நீதிபதிகளும் என் சித்தப்பாவும்தான். அரை நிமிடம் ஆயிற்று, யாரைக் கூப்பிடுகிறார் என்று எனக்கு விளங்க.

நாங்கள் அனுப்பிய ஆவணங்கள் மொத்தத்தையும் படித்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் வண்ணச் சீட்டு ஒட்டி, கேள்விகளை வரிசையாக வைத்திருந்தார்.

முதல் கேள்வி: மகஜர் என்றால் என்ன? சோதனை போட்ட இடத்தில் சாட்சிகள் முன்னால் எழுதும் குறிப்பு என்றேன். அப்படியானால் ஏன் அப்படியே எழுதவில்லை என்றார். ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கிறோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்தது: 1,25,00,00,000 என்று கமா போட்டிருக்கிறீர்களே, இது தட்டச்சுப் பிழையா? கோடியை விளக்கினேன். பேனாவை வைத்துவிட்டு அவரே ஒரு தாளில் பெருக்கிப் பார்த்தார். 'ஒன்றேகால் பில்லியன் ரூபாய். நீதிபதிக்கு முதல் பக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுவோம்' என்றார்.

பிறகு ஏ-1, ஏ-2, ஏ-3. நமக்கு எதிரிகளின் வரிசை. இங்கே அவை நெடுஞ்சாலைகளின் பெயர். ஏ-3 லண்டனிலிருந்து போர்ட்ஸ்மவுத் போகிற ரோடு. 'ஏ-3, ஏ-1-இன் உத்தரவின்பேரில் பணத்தை ஏ-5-க்கு மாற்றினார்' என்ற வாக்கியத்தை அவர் சத்தமாகப் படித்தபோது எங்கள் ஆய்வாளர் தம்பியே சிரித்துவிட்டார்.

சிரிப்பு அதோடு நின்றது. சாட்சிகள் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் ஒன்றில்கூடக் கையெழுத்து இல்லையே, ஏன்? நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 162-வது பிரிவு, போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது. போலீஸ் மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிடக் கூடாது என்பதற்காக வந்த பாதுகாப்பு. அந்த ஏற்பாடே வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலிருந்து நமக்கு வந்ததுதான். அவன் போட்ட முடிச்சை அவன் ஊரிலேயே உட்கார்ந்து நான் அவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது. நல்லவேளை, இவர்களுடைய 2003-ஆம் வருட ஒப்படைப்புச் சட்டத்தின் 84-வது பிரிவில் வழி இருக்கிறது. போலீஸிடம் சொன்னது ஆவணத்தில் இருந்தால், அதை நீதிபதி ஏற்கலாம். ஆனால் எவ்வளவு எடை கொடுப்பார் என்பது அவர் கையில். நாலு வங்கி ஊழியர்களின் வாக்குமூலம் எழுத்துப்பிழை உட்பட ஒரே மாதிரி இருந்தால் எடை என்ன ஆகும்? அவர் கேட்கவில்லை. நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைப் பார்த்தார். நான் ஆய்வாளரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அமெரிக்காவோ ஆஸ்திரேலியாவோ கேட்டால் இந்த ஆதாரச் சோதனை கிடையாது. நாம் கேட்டால் உண்டு. இதைச் சொல்லிப் புலம்புகிற அதிகாரிகள் எங்கள் துறையில் நிறையப் பேர். அந்த நாலு தாள்களைப் பார்த்த பிறகு எனக்குப் புலம்ப வாய் வரவில்லை.

கடைசியாக, சிறை. அதை நாளை மறுநாள் எழுதுகிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

வெஸ்ட்மின்ஸ்டர் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். பெயர்தான் வெஸ்ட்மின்ஸ்டர், இருப்பது மேரிலிபோன் ரோட்டில். இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் ஒப்படைப்பு வழக்கு என்றால் தொடங்குவது இங்கேதான். விஜய் மல்லையாவின் வழக்கு 2018 டிசம்பரில் முடிந்ததும் இங்கேதான். ஓட்டலிலிருந்து எட்ஜ்வேர் ரோடு வழியாக நடந்தே போனோம். வழியெல்லாம் அரபிக் கடைகள், காலை ஒன்பது மணிக்கே ஹூக்கா வாசனை.

கட்டடத்தைப் பார்த்தால் புதிதாகக் கட்டிய வங்கித் தலைமை அலுவலகம் மாதிரி இருக்கிறது. 2011-ல் திறந்தது. உள்ளே விக் கிடையாது, கவுன் கிடையாது. நீதிபதி சாதாரண கோட்டு போட்டு வருகிறார். 'மேடம்' என்று கூப்பிட்டால் போதும். நாற்பது முறை 'மை லார்ட்' சொல்லி ஒரு ஜாமீன் மனுவை எதிர்க்கும் பழக்கம் உள்ள எனக்கு, யாரோ செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

எனக்குப் பேச உரிமை இல்லை. பாரிஸ்டருக்குப் பின்வரிசை. மஞ்சள் ஒட்டுச்சீட்டில் எழுதி முன்னால் நீட்டலாம். காலையில் மட்டும் பதினொரு சீட்டு. முதல் ஐந்தை அவர் படித்தார். அப்புறம் வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டார்.

இங்கே யாரும் குற்றம் செய்தாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. நாம் சொல்லும் செயல் இங்கே நடந்திருந்தால் இங்கும் குற்றமா, வழக்கு நடத்துமளவுக்கு ஆதாரம் இருக்கிறதா, தடையாக ஏதாவது உண்டா, மனித உரிமைக்குப் பொருந்துமா. இவ்வளவுதான். நம் 420-ஐ இவர்களுடைய 2006-ஆம் வருட மோசடிச் சட்டத்தின் 2-வது பிரிவோடு பொருத்த வேண்டும். பொய்யான பேலன்ஸ் ஷீட் காட்டிக் கடன் வாங்கினால் எந்த ஊரிலும் அது பொய்தான். அந்தப் பகுதி அரைமணி நேரத்தில் முடிந்தது.

ஏ-1 கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். ஜாமீனில் இருப்பவர், ஆனாலும் விசாரணையின்போது கூண்டு உண்டு. இளைத்திருந்தார். போட்டோவில் பார்த்த மீசை இல்லை.

மதிய இடைவேளையில் காப்பி இயந்திரத்துக்கு முன்னால் நான் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"இது கார்டு மட்டுந்தான் சார் எடுக்கும்."

அவரேதான். எதிரியோடு பேசக் கூடாது, அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு நிமிடம் இருவரும் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஊர்ல மழையா சார்?"

"மழைதான்."

"ஏரியெல்லாம்?"

"பரவாயில்ல."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் வக்கீலிடம் போனார். பாரிஸ்டரிடம் இதை அப்போதே சொல்லிவிட்டேன். அவர் குறித்துக்கொண்டு, 'ஏரி என்றால் என்ன? வழக்கில் வருகிறதா?' என்று கேட்டார். அந்த வருடக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்ததையும் குடத்தோடு ஜனங்கள் லாரிக்குப் பின்னால் ஓடியதையும் அவருக்கு எப்படிச் சொல்ல. வழக்கில் வராது என்றேன்.

நவம்பர் 20, புதன்

இன்று சிறை.

ஒப்படைப்பு வழக்கில் சிறை பற்றிய கேள்வி வந்ததற்கு மூலம் 1989. கொலை வழக்கில் அமெரிக்கா கேட்ட சோரிங் என்ற ஜெர்மன் இளைஞனை பிரிட்டன் அனுப்பக் கூடாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவுக்கு ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையோடு சம்பந்தமில்லை. ஆனால் அனுப்பும் பிரிட்டனுக்கு உண்டு. போகிற இடத்தில் மனிதத்தன்மையற்ற நடத்தை காத்திருக்கும் என்றால் அனுப்புகிறவனும் பொறுப்பு. மரண தண்டனைக்காக வருடக்கணக்கில் காத்திருப்பதைப் பற்றித் தொடங்கிய அந்த வாதம் இன்று கக்கூஸ் தடுப்புச் சுவரின் உயரம் வரை வந்திருக்கிறது. 2016-ல் குரோஷியாவிலிருந்து போன ஒரு வழக்கில் அதே நீதிமன்றம் ஒரு கணக்குச் சொன்னது. பலர் இருக்கும் சிறையறையில் ஓர் ஆளுக்கு மூன்று சதுர மீட்டருக்குக் கீழே போனால் அது உரிமை மீறல் என்றே அனுமானிக்கலாம். கட்டில், பெட்டி அடைக்கும் இடத்தைக் கழிக்க வேண்டாம். கழிப்பறையைக் கழிக்க வேண்டும்.

அவரை எந்த அறையில் வைப்போம் என்று நாங்கள் அனுப்பிய முதல் உறுதிமொழிக் கடிதத்தில் அறை பன்னிரண்டு சதுர மீட்டர். இரண்டாவது கடிதத்தில் பதினான்கு. வேறு வேறு அலுவலகம், வேறு வேறு கிளார்க், ஒருவர் அடியில் அளந்திருக்கிறார், இன்னொருவர் எதில் அளந்தார் என்று கடவுளுக்கே வெளிச்சம். எதிர்த்தரப்பு விடுமா? அதனால்தான் பத்து நாளுக்கு முன் பொதுப்பணித்துறைப் பொறியாளரோடு நானே நேரில் போனேன். அன்று வாங்கியதுதான் டேப்.

ஒன்று சொல்லியாக வேண்டும். முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனையோ பேரை அந்தச் சிறைக்கு அனுப்பியிருக்கிறேன். தண்டனை வாங்கிக் கொடுத்தது கொஞ்சம், ஜாமீன் கிடைக்காமல் செய்தது நிறைய. சிறையறைக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. அதுவும் லண்டனில் ஒரு நீதிபதி அளவு கேட்டதால்.

புதுச் சுண்ணாம்பு அடித்து, மேற்கத்திய கழிப்பறை பொருத்தி, ஜன்னலைப் பெரிதாக்கியிருந்தார்கள். பொறியாளர் குறிப்பு எழுத, டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு விசாரணைக் கைதியைக் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வயது இருக்கும்.

பதிமூன்று அடிக்குப் பத்தடி. கழிப்பறை ஐந்துக்கு நாலு. கழித்தால் நூற்றுப் பத்து சதுர அடி, பத்து சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

"சார், யாரு வர்றா?" என்றான் பையன், டேப்பைப் பிடித்தபடி.

"லண்டன்ல இருந்து ஒருத்தர்."

"அப்ப எங்க பிளாக்கையும் ஒரு தடவ அளந்துட்டுப் போங்க சார்."

தலைமை வார்டர் "டேய்!" என்றார். பையன் டேப்பை விட்டுவிட்டான். அது சர்ரென்று என் கைக்குள் சுருண்டது.

வீடியோவும் எடுத்தோம். மல்லையா வழக்கில் மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12-ஆம் எண் கட்டடத்தை, விளக்கு போடாமல், இயற்கை வெளிச்சத்தில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் இங்குள்ள நீதிபதி. எங்களையும் கேட்பார்கள் என்று முன்கூட்டியே எடுத்துவிட்டோம். குறைந்த ஒப்பந்தப் புள்ளி கொடுத்தவர் ஒரு கல்யாண வீடியோக்காரர். முதல் பிரதியில் சிறைக் கதவு இதய வடிவத்துக்குள்ளிருந்து திறந்தது. பின்னணியில் நாதஸ்வரம். இரண்டையும் எடுக்கச் சொல்லி, மறுபடி வெட்டி வாங்கினோம்.

அந்த வீடியோ இன்று நீதிமன்றத் திரையில் ஓடியது. ஏழு நிமிடம். நீதிபதி இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். ஒரு இடத்தில் தரையில் என் செருப்பு முனை தெரிந்தது.

எதிர்த்தரப்பின் சிறை நிபுணர் நிதானமான மனிதர், எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அந்தத் தனியறையைப் பற்றி அவருக்குப் பெரிதாகக் குறை இல்லை. ஆனால் அதே சிறையின் மற்றத் தொகுதிகள்? இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். கொள்ளளவுக்கு மேல் ஆள். மருத்துவர் எண்ணிக்கை குறைவு. இவை அரசின் சொந்தப் புள்ளிவிவரங்கள். இந்த நிலையில் ஒரே ஓர் அறைக்குக் கொடுக்கும் வாக்குறுதியை எவ்வளவு நாள் காப்பாற்ற முடியும் என்று கேட்டார்.

நான் ஒட்டுச்சீட்டில் எழுதினேன்: 'மற்றத் தொகுதிகள் இந்த வழக்குக்குத் தொடர்பில்லாதவை. உறுதிமொழி இந்த அறைக்கும் இந்த நபருக்கும் மட்டும்.' பாரிஸ்டர் படித்தார். இந்தத் தடவை அடுக்கி வைக்கவில்லை. எழுந்து அப்படியே சொன்னார். நீதிபதி குறித்துக்கொண்டு தலையசைத்தார். சட்டப்படி அதுதான் சரியான பதில். கேட்கப்படும் ஆளுக்கு என்ன நேரும் என்பதுதான் கேள்வி, சிறை முழுவதற்கும் இங்கே விசாரணை நடக்கவில்லை. நாளெல்லாம் நான் நீட்டியதில் வேலை செய்த ஒரே சீட்டு அதுதான்.

இரவு உப்புமா இறங்கவில்லை. கெட்டில் வெந்நீரில் கிண்டியது, அதனாலும் இருக்கலாம்.

நவம்பர் 21, வியாழன்

வாதம் முடிந்தது. தீர்ப்பு பிறகு, எழுத்தில். இங்கே ஜெயித்தாலும் கோப்பு உள்துறை அமைச்சருக்குப் போகும், அவருக்கு இரண்டு மாதம். அதன் பின் உயர் நீதிமன்றத்தில் அப்பீல். 'நன்றாகப் போனது' என்றார் பாரிஸ்டர். இவர்கள் அதை எப்போது சொல்வார்கள், எப்போது சொல்லமாட்டார்கள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

ஒரு நாள் மீதி. தம்பி மெழுகுச் சிலைகளைப் பார்க்கப் போனார். நான் வக்கீல் க்ஷேத்திராடனம்.

மேரிலிபோன் ரோட்டோடு கிழக்கே நடந்தால், பேக்கர் தெருவைத் தாண்டி லண்டன் கிளினிக். 1998 அக்டோபர் 16 இரவு, முதுகு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த சிலி நாட்டு முன்னாள் சர்வாதிகாரி பினோசேயை, ஸ்பெயின் நீதிபதி ஒருவரின் வாரண்டை வைத்து லண்டன் போலீஸ் கைது செய்தது இங்கேதான். வாசலில் ஒரு நர்ஸ் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து 'போ' (Bow) என்ற தெரு. ஓபெரா அரங்குக்கு எதிரே, முன்பு ஒப்படைப்பு வழக்குகள் நடந்த பழைய நீதிமன்றம். 2006-ல் மூடிவிட்டார்கள். நான் போனபோது ஓட்டலாக மாற்றும் வேலை, சுற்றிலும் தடுப்பு. பினோசேயை ஸ்பெயினுக்கு அனுப்பலாம் என்று 1999 அக்டோபரில் இங்கே ஒரு மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டார். அதற்கு முன்பு, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஒருமுறை தீர்ப்புச் சொல்லி, அமர்வில் இருந்த ஒரு நீதிபதிக்கு அந்த வழக்கில் வாதாடிய அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்போடு தொடர்பு இருந்தது தெரிந்ததும் அதைத் தானே ரத்து செய்து, மறுபடி கேட்டு மறுபடி தீர்ப்புச் சொன்னது. அத்தனையும் ஜெயித்த பிறகு, 2000 மார்ச்சில், உடம்பு சரியில்லை என்று சொல்லி உள்துறை அமைச்சர் அவரைச் சிலிக்கே அனுப்பிவிட்டார். சக்கர நாற்காலியில் இறங்கிய மனிதர் சாந்தியாகோ விமான நிலையத்தில் எழுந்து நடந்தார். எங்கள் தொழிலில் யாராவது 'வெற்றி' என்று சொன்னால் நான் நினைத்துக்கொள்வது அந்த நடையைத்தான்.

மாலை தெற்கு லண்டனில் டூட்டிங். தம்பிக்குச் சோறு வேண்டும், எனக்கும்தான். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் சின்ன உணவகம். கல்லாவில் இருந்தவர், "வாங்கோ ஐயா, இருங்கோ" என்றார். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்க் குழம்பு. நாங்கள் எங்கிருந்து, என்ன அலுவல் என்று விசாரித்தார். ஒரு ஆளைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்க வந்தோம் என்று தம்பி சொல்லிவிட்டார். அவர் முகம் ஒரு கணம் மாறியது. தட்டைத் துடைத்துக்கொண்டே, "ஆர் அவர், எங்கட பெடியனோ?" என்றார்.

இல்லை, வங்கிக் கடன் ஏமாற்று என்றேன். "ஓ, காசு விசயமே" என்று சிரித்துவிட்டு இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார்.

திருப்பி அனுப்புவது என்ற சொல் அந்தக் கடையில் வேறு எடை கொண்டது. மோசடி வழக்குகளிலேயே ஊறிப்போன எனக்கு அது உறைத்ததில்லை. அனுப்பப்படும் இடத்தில் என்ன நேரும் என்று கேட்காத ஒரு நீதிமன்றம் இருந்திருந்தால், அந்தக் கல்லாவில் இன்று யார் இருந்திருப்பார்கள்?

நவம்பர் 23, சனி

ஹீத்ரோ. பாதுகாப்புச் சோதனையில் கோட்டுப் பையிலிருந்து டேப்பை எடுத்து அந்தப் பெண் என்னைப் பார்த்தார். கட்டடக்காரரா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எளிதாக இருந்தது.

பிற்சேர்க்கை

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. பின்னாலேயே அப்பீல். அப்புறம் கொரோனா. அப்புறம் உடல்நலம் பற்றிப் புதிய மனு, அதற்குப் புதிய நிபுணர். இடையில், 2020 பிப்ரவரியில், கிரிக்கெட் சூதாட்ட வழக்கில் தேடப்பட்ட ஒருவர் திகார் சிறை பற்றிய உறுதிமொழிகளின் பேரில் தில்லிக்கு அனுப்பப்பட்டார். எதிர்த்துப் போராடிய ஓர் ஆள் வந்து சேர்ந்தார் என்று துறையில் இனிப்பு கொடுத்தார்கள். 2025 பிப்ரவரியில், அதே திகாரைக் காரணம் காட்டி, இன்னொருவரை அனுப்ப முடியாது என்று லண்டன் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. நான் ஓய்வு பெறும்வரை எங்கள் ஏ-1 வரவில்லை.

ஓய்வுக்கு முந்தைய மாதம் வேறொரு வேலையாக அந்தச் சிறைக்குப் போனேன். போன இடத்தில் அறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். சாவி தேடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சுண்ணாம்பு வெளுப்பு மாறவில்லை. கழிப்பறை மூடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. வாரம் ஒருமுறை பெருக்கிப் பூட்டுகிறார்களாம். டேப் பிடித்த பையனைப் பற்றிக் கேட்டேன். அடையாளம் சொன்னேன், பெயர் எனக்குத் தெரியவில்லை. அப்படி எத்தனையோ பேர் வந்து போயாச்சே சார் என்றார் தலைமை வார்டர்.

பூட்டும்போது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இந்த ரூமுக்கு ஆள் வருமா வராதா சார்? வராதுன்னா சொல்லுங்க. பக்கத்து பிளாக்ல ஒருக்களிச்சுப் படுக்கிறாங்க, அதுல நாலு பேரை இங்க மாத்திக்கலாம்."

"எழுதிக் கொடுத்திருக்கோம்," என்றேன். "காலியாவே இருக்கட்டும்."